சொத்தை எல்லாம் நானே எடுத்துவிட்டேன்

கடையிலிருந்து
ஜூன் 3

என் செல்லச் சுண்டுவுக்கு அக்கா எழுதுவது.

நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போய்விட்டது. நான் கல்லாப் பக்கம் நடந்தால் அது வாசல் பக்கம் நடக்கிறது. உன் காது எப்படி இருக்கிறது? போன வாரம் போனில் கூப்பிட்டு, "சாப்டியா?" என்று கேட்டேன். "அவன் ஆபீஸ் போயிட்டான்" என்றாய். "அங்க மழை உண்டா?" என்றேன். "காலையில ரெண்டு, ராத்திரி ஒண்ணு" என்றாய். மாத்திரையைச் சொன்னாய் போலிருக்கிறது. காதில் வைக்கிற மிஷினை உன் பையன் வாங்கிக் கொடுத்தும் அதை டப்பாவில் தூங்க வைத்திருக்கிறாய். உன்னிடம் போனில் பேசுவதற்கு எழுதுவதே மேல். போனில் ஒன்று கிடக்க ஒன்று காதில் விழும். எழுத்தில் அந்த வம்பு இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான் நான். ஆனால் அந்த ஐந்தாம் வகுப்பில் யார் கையெழுத்து முதல் என்று உனக்கே தெரியும்.

இதையும் ஒரு கையால்தான் எழுதுகிறேன். இன்னொரு கை முறத்தில் இருக்கிறது. புது வேர்க்கடலை மூட்டை இறங்கியிருக்கிறது. மேலே பளபளப்பு, உரித்தால் உள்ளே பூச்சி. நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம் என்று பிரித்துக்கொண்டே எழுதுகிறேன். மொத்த வியாபாரியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "எல்லாம் முதல் தரம்மா. உங்க கண்ணுதான் சரியில்லை" என்கிறான். "கண்ணு சரியில்லாதவளுக்கே இத்தனை ஓட்டை தெரியுதே, சரியா இருந்தா மூட்டையே தெரியாது போலிருக்கே" என்றேன். போனை வைத்துவிட்டான்.

பேத்தியைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது, கேட்டுக்கொள். இரண்டு தெரு தள்ளி இருக்கிற பல் ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள். வெள்ளைக் கோட்டு. பாக்கெட்டுக்கு மேலே அவள் பெயரை நீல நூலில் தைத்திருக்கிறார்கள், முன்னால் டாக்டர் என்று போட்டு. தினமும் அதை நான்தான் துவைக்கிறேன். பெயர் பக்கம் மட்டும் கசக்குவதில்லை. கடைக்கு வருகிறவர்களுக்குக் கடலையோடு இந்தச் சேதியையும் சேர்த்துத்தான் கொடுக்கிறேன். நேற்று ஒருவர், "போன வாரமே சொன்னீங்கம்மா" என்றார். "இந்த வாரமும் அவ டாக்டர்தான்" என்றேன்.

நீ இன்னும் இடது பக்கமே மென்றுகொண்டிருக்கிறாயா? அந்த வலது கடைவாய்ப் பல்லை ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்கிறாள். அந்தச் சாக்கிலாவது வா. பின்னறையை உனக்காக ஒதுக்கி வைத்திருக்கிறேன். சுண்ணாம்பு அடித்தாயிற்று. ஜன்னல் கதவு இப்போது சத்தம் போடாமல் சாத்துகிறது. என்னோடு வந்து இரு, இரு என்று எத்தனை கடிதம் எழுதிவிட்டேன். நீயும் "பார்க்கலாம்" என்றே எழுதுகிறாய். உன் பையனும் மருமகளும் தங்கமானவர்கள், ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த நாலாவது மாடியில் நீ யாரோடு சண்டை போடுவாய்?

உன் பையன் போன தடவை வந்தபோது சுவரை எல்லாம் தட்டிப் பார்த்துவிட்டு, "பெரியம்மா, இந்த இடம் இப்ப என்ன விலை போகும்?" என்றான். "ரொம்பத் தட்டாதேடா, விலை குறைஞ்சிடும்" என்றேன். சிரித்துவிட்டுப் போனான்.

உனக்கு ஒன்று அனுப்புகிறேன். என்ன என்று இப்போது சொல்லமாட்டேன். கூரியர்காரன் வந்தால் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்.

அன்பு முத்தங்களுடன்,
அக்கா

சொல்ல மறந்துவிட்டேன். சொத்தை எல்லாம் நானே பிரித்து எடுத்துவிட்டேன். உனக்கு இனி அந்தக் கவலை வேண்டாம்.


மாடி வீட்டிலிருந்து
ஜூன் 12

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கு அனைவரும் நலம். பேத்திக்கு வேலை கிடைத்தது பற்றி மிக்க மகிழ்ச்சி.

நீ அனுப்பியதை நாங்கள் வாங்கவில்லை. கூரியர்காரன் பையனுக்குத்தான் போன் செய்தான். "வேண்டாம், வந்த இடத்துக்கே திருப்பிடுங்க" என்று அவன் ஆபீசிலிருந்தே சொல்லிவிட்டான். உன் கடிதத்தை அவனிடம் காட்டியிருந்தேன். "பாத்தியாம்மா? நான் அப்பவே சொன்னேன்ல. எதுலயும் கையெழுத்துப் போட்டுடாத" என்றான்.

சொத்தை எல்லாம் நீயே பிரித்து நீயே எடுத்துக்கொண்டதாக எழுதியிருக்கிறாய். மூத்தவள், நீ செய்தால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம். என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்திருக்கலாம். வேண்டும் என்று இதுவரை நான் வாய் திறந்து கேட்டதுண்டா? எனக்கும் பாதி உண்டு என்று என் பையன் சொல்கிறான். நான் சொல்லவில்லை, அவன் சொல்கிறான்.

எனக்கு வருத்தமெல்லாம், அதைக் கடிதத்தின் கடைசியில், மறந்துபோன சாமானைப் போல ஒரு வரியில் எழுதியிருக்கிறாயே என்பதுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
தங்கை


கடையிலிருந்து
ஜூன் 20

அடி சுண்டு,

இது என்ன புதிதாக மதிப்புக்குரிய அக்கா? என் மதிப்பை நீ எப்போது பார்த்தாய்? "இப்படிக்கு தங்கை" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். கரண்ட் ஆபீசிலிருந்து கடிதம் வந்திருக்கிறதோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன்.

பார்சல் திரும்பி வந்துவிட்டது. மேலே "பெறுபவர் மறுத்தார்" என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறான். கடையில் நாலு பேர் இருக்கும்போது கொண்டுவந்து வைத்தான். ஒருவர் அதை எழுத்துக்கூட்டிப் படிக்கவும் செய்தார். "விலாசம் தப்பாப் போச்சு" என்று சொல்லிச் சமாளித்தேன். உள்ளே என்ன இருந்தது என்று இப்போதும் சொல்லமாட்டேன். வேண்டாம் என்று திருப்பியவளுக்கு எதற்கு அது? உன் பையன் ஏமாற்றுக்காரர்களுக்குப் பயப்படுகிறான் என்றால் அது நியாயம்தான், காலம் அப்படி இருக்கிறது. ஆனால் அனுப்பியவர் பெயர் என்று ஒன்று போட்டிருந்தேனே.

இன்னொன்றும் எனக்குப் புரியவில்லை. பாதி சொத்தை உனக்கு அனுப்பி நீ என்ன செய்யப் போகிறாய்? அம்மா காலத்திலிருந்தே சொத்தை நான்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அப்போதெல்லாம் நீ ஒரு வார்த்தை கேட்டதில்லை. "அக்கா பார்த்துக்குவா" என்று ஓடிப்போய்விடுவாய். இந்த வயதில் திடீரென்று பக்கத்தில் உட்கார வேண்டும் என்கிறாய்.

இந்தத் தடவை எடுத்த சொத்தை எல்லாம் பக்கத்து வீட்டுக் கோழிக்குப் போட்டுவிட்டேன். திருப்பிக் கேட்டால் கோழியைத்தான் கேட்க வேண்டும்.

உன் பையனுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், சொத்தை விற்றால் காசு கிடைக்கும் என்று. எண்ணெய் செக்குக்காரனும் அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்து நின்றான். "மொத்தமா எடுத்துக்கிறேன், விலை சொல்லுங்க" என்றான். முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சொத்தை விற்றுப் பிழைக்கிற நிலைமை எனக்கு இன்னும் வரவில்லை. உன் பையனிடமும் சொல், சொத்தை வாயில் போட்டால் கசப்புதான் மிஞ்சும்.

போகட்டும், இதற்கெல்லாம் நாம் முகத்தைத் தூக்கிக்கொள்வதா? பல் எப்படி இருக்கிறது, அதை எழுது முதலில்.

உன் பழைய அக்கா


மாடி வீட்டிலிருந்து
ஜூன் 29

அக்காவுக்கு,

என் காதுதான் மந்தம். கண் நன்றாகத் தெரிகிறது. உன் கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் அதையேதான் எழுதியிருந்தாய்.

கோழிக்குப் போட்டுவிட்டாயா? அப்பா கல் சுமந்து கட்டின வீட்டையா? முன்னால் கடை, பின்னால் குடித்தனம் என்று இரண்டு பெண்களுக்குமாக அவர் விட்டுப்போன இடத்தையா? கேட்டால் கோழியைக் கேள் என்கிறாய். எனக்கு இப்படி ஒரு கேலி தேவைதான். செக்குக்காரனுக்கு விற்காமல் விட்டதற்கு நன்றி. அவன் வரைக்கும் விலை பேச வந்திருக்கிறான், எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. என் பையன் வாயில் கசப்புதான் மிஞ்சும் என்று நீ எழுதியதை மட்டும் நான் அவனிடம் படித்துக் காட்டவில்லை. அவன் உன்னைப் பெரியம்மா என்று கூப்பிடுகிற பிள்ளை.

எனக்கு வீடு வேண்டாம், கடை வேண்டாம். பங்கு கேட்டு உன்னிடம் வந்து நிற்கமாட்டேன். ஆனால் அந்தப் பின்னறைக்கும் நான் வரமாட்டேன். நேற்று வரைக்கும் வருவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். பெட்டியைக்கூடப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்தேன். மருமகளைக் கூப்பிட்டு அதைத் திரும்ப மேலே ஏற்றச் சொல்லிவிட்டேன். சுண்ணாம்பு அடித்தது வீண் போக வேண்டாம், யாருக்காவது வாடகைக்கு விட்டுவிடு.

இனிமேல் வா என்று எழுதாதே. நலம் விசாரித்து எழுது, பதில் போடுகிறேன்.

பல் வலிக்கிறது. அதற்கு இங்கேயே டாக்டர் இருக்கிறார்கள்.

தங்கை


கடையிலிருந்து
ஜூலை 5

என் சுண்டு,

இதை நின்றுகொண்டு படிக்காதே. உட்கார். உட்கார்ந்தாயா?

உன் கடிதம் வந்த அன்று நான் கடையைப் பாதியில் சாத்திவிட்டேன். வீடு, கோழி, செக்குக்காரன், இது என்ன இவளுக்குப் புத்தி பிசகிவிட்டதா, காய்ச்சலில் எழுதினாளா என்று பயந்துபோய்ப் பேத்தியை ஆஸ்பத்திரியிலிருந்து வரவழைத்தேன். அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் உன் இரண்டு கடிதத்தையும் வரிசையாக வைத்துப் படித்தாள். பிறகு, "பாட்டி, நீங்க அவங்களுக்கு என்ன எழுதுனீங்க? ஒரு எழுத்து விடாமச் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். சொத்தை எல்லாம் நானே பிரித்து எடுத்துவிட்டேன் என்று எழுதினேன் என்றேன்.

அவ்வளவுதான். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கீழே உட்கார்ந்து சிரித்தாள். "என்னடி?" என்றால் கையை ஆட்டுகிறாளே தவிரப் பேச்சு வரவில்லை. கடைசியில் ஒரு கதை சொன்னாள். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவர் வந்தாராம். நாற்காலியில் சாய்ந்ததும், "என் சொத்தை எல்லாம் என் பையன் எடுத்துட்டாம்மா" என்றாராம். இவள் விளக்கை அவர் வாய்க்கு நேரே திருப்பி வைத்துக்கொண்டு, "அவரும் பல் டாக்டரா தாத்தா? எத்தனை எடுத்தாரு?" என்று கேட்டாளாம். "மூணு வீடும்மா" என்றாராம்.

இப்போது புரிகிறதா? நான் கடலையைச் சொன்னேன், சுண்டு. வேர்க்கடலையை. முறத்தில் இருந்த பூச்சி விழுந்த கடலையை. நீ திருப்பி அனுப்பிய பார்சலில் இருந்தது வறுத்த கடலை, உனக்குப் பிடித்த மாதிரி உப்புத் தண்ணீர் தெளித்து வறுத்தது. உன் பல்லுக்குக் கெட்டது ஒன்றுகூட அகப்படக்கூடாது என்று ஒவ்வொன்றாக உரித்துப் பார்த்தேன். அதைத்தான் நானே எடுத்துவிட்டேன், உனக்குக் கவலை வேண்டாம் என்று எழுதினேன்.

"சொத்தையை எல்லாம்னு எழுதணும் பாட்டி. நீங்க 'யை'யை விட்டுட்டீங்க. சொத்துக்குப் பின்னாடி 'ஐ' வந்து ஒட்டினாலும் சொத்தைதானே? இலக்கணத்துல அதுக்கு இரண்டாம் வேற்றுமைன்னு பேரு" என்றாள் பேத்தி. எனக்கு அந்தப் பாடம் வருவதற்குள் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. எனக்குத் தெரிந்த வேற்றுமை எல்லாம் அக்கா தங்கைக்குள் வருவதுதான். நமக்குள் வந்த முதலாவதே போதும், இரண்டாவது வேண்டாம்.

அதற்குப் பிறகு கடலை பொறுக்கும்போதெல்லாம் இந்த வார்த்தையே வாயில் கிடந்து உருள்கிறது. கெட்டுப்போவதற்கு நாம் எத்தனை சொல் வைத்திருக்கிறோம் பார். சோறு ஊசிப்போகும். எண்ணெய் சிக்கு அடிக்கும். பழம் அழுகும். கட்டில் கால் உளுத்துப்போகும், துணி இற்றுப்போகும். அதெல்லாம் மூக்குக்கோ கைக்கோ தெரிந்துவிடும். கடலை, கத்திரிக்காய், பல் இதற்கு மட்டும்தான் சொத்தை. வெளியே பார்த்தால் நன்றாகவே இருக்கும், உள்ளே குழி விழுந்திருக்கும். நகத்துக்கும் சொல்கிறோம். நோஞ்சான் பிள்ளையைச் சொத்தை என்று கேலி செய்கிறோம். உன் "பார்க்கலாம்" மாதிரிச் சாக்கு சொன்னால் சொத்தைக் காரணம் என்கிறோம். இத்தனை வேலை செய்கிற வார்த்தை, வீட்டுப் பத்திரத்துக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நானும் சிரித்தேன். கோழி என்று நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அப்பா வீட்டை ஒரு கோழி கொத்தித் தின்கிறது.

ஆனால் சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்த பிறகு இன்னொரு தடவையும் துடைக்க வேண்டியிருந்தது, சுண்டு. எழுத்துத் தப்பு என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு எழுத்து விட்டுப்போனதற்கு, அக்கா எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டாள் என்று நீ நம்பிவிட்டாயே. இது ஏதோ தப்பாக இருக்கிறது, அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை என்று உனக்குத் தோன்றவே இல்லையா? என் கர்வம் உனக்குத் தெரியும். உனக்கு இனி எழுதுவதில்லை என்று பேனாவை டிராயரில் போட்டு மூடினேன்.

பேத்தியிடம் கேட்டேன், எப்படிடி அவள் நம்பினாள் என்று. அவள் அன்றைக்கு வந்த ஒருத்தரின் பல்லைப் பற்றிச் சொன்னாள். "மேல ஊசி முனை மாதிரி ஒரு கறுப்புப் புள்ளிதான் பாட்டி. வலி இல்லை, ஒண்ணும் இல்லை. படம் எடுத்துப் பார்த்தா உள்ளே பெரிய பள்ளம். நாலஞ்சு வருஷமா இருந்திருக்கும்."

 டிராயரைத் திறந்து பேனாவை எடுத்தேன்.

இந்த வீட்டைப் பற்றி நாம் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. கேட்டால் அக்கா என்ன நினைப்பாளோ என்று நீ. எடுத்தால் தங்கை என்ன நினைப்பாளோ என்று நான். இங்கே இருப்பது நான் என்பதால் எனக்கு அது உறுத்தவில்லை. உனக்கு உறுத்தியிருக்கிறது.

ஆகையால் இப்போது நிஜமாகவே எழுதுகிறேன், நன்றாகப் படித்துக்கொள். சொத்தைப் பிரிக்கலாம். வீட்டை, கடையை, பின்கட்டை. சின்ன வயதில் எது கிடைத்தாலும் பிய்ப்பது நான், முதலில் எடுப்பது நீ. அதனால்தான் நான் எப்போதும் சரிபாதியாகப் பிய்த்தேன். இப்போதும் அப்படியே செய்யலாம். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. உனக்கு எது வேண்டுமோ அதை எடு. கடை உனக்கு என்றால் சட்டியையும் முறத்தையும் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போய்விடுகிறேன். உன் பையன் விற்க வேண்டும் என்றால் உன் பாதியை விற்கட்டும், குறுக்கே நிற்கமாட்டேன். கடையை விட்டால் எனக்கு என்ன ஆகும் என்று யோசிக்காதே. அது என் கவலை.

பின்னறையை நான் யாருக்கும் வாடகைக்கு விடவில்லை.

பார்சலை மறுபடி அனுப்புகிறேன். பழையது காறிப்போயிருக்கும் என்று புதிதாக வறுத்தேன். கையெழுத்துப் போட்டு வாங்கு. அது கடலை. வெறும் கடலை.

சொத்தையை (யை போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்) இந்தத் தடவையும் நானே எடுத்துவிட்டேன்.

உன் அக்கா


கடையிலிருந்து
ஜூலை 24

சுண்டு,

பார்சல் திரும்பி வரவில்லை. ஆகவே வாங்கிவிட்டாய் என்று நினைக்கிறேன். கடிதமும் அதற்குள்ளேதான் இருந்தது. பதில்தான் இல்லை. தபால்காரர் நேற்று வாசலில் நின்றார். ஓடிப்போய்ப் பார்த்தால் பத்துக்காசு பெறாத ஒரு விளம்பரத்தாள். நின்றதுதான் நின்றார், ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போனார்.

நான் கெஞ்சுகிறேன் என்று நினைத்துவிடாதே. விசாரிக்கிறேன். பல் எப்படி இருக்கிறது?

அக்கா


மாடி வீட்டிலிருந்து
ஜூலை 28

என் அக்காவுக்கு,

நீ விசாரித்ததற்கு நன்றி. கெஞ்சியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

பதில் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கிப்போயிற்று. குனிந்தால் வலி, நிமிர்ந்தால் வலி. பேனாவைப் பிடித்தால் அதற்கும் வலி. ஏன் வீங்கியது என்று கடைசியில் சொல்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்தபோது வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். கோழி வந்த இடத்தில் சிரிக்க ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டுக்காரம்மா கதவைத் தட்டி, "என்னாச்சு? அழறீங்களா?" என்று கேட்டார். "இல்லை, எங்கக்காவுக்கு யை வராது" என்றேன். பாவம், ஏதோ வியாதி என்று நினைத்து வருத்தப்பட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் பையன் வந்ததும் படித்துக் காட்டினேன். முதலில் சிரித்தான். பிறகு நீ பேனாவை டிராயரில் போட்ட இடம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்துபோய்க் கடலைப் பொட்டலத்தைப் பிரித்து நின்றபடியே தின்றுகொண்டிருந்தான். "பெரியம்மாகிட்ட இப்ப நான் என்னன்னு சொல்றது?" என்றான். "கடலை நல்லா இருந்துச்சுன்னு சொல்லு" என்றேன். நன்றாக இருந்தது என்று சொல்லச் சொன்னான்.

எப்படி நம்பினாய் என்று கேட்டிருக்கிறாய். அதற்குப் பதில் சொல்லாமல் விட்டால் மறுபடி உள்ளே பள்ளம் விழும், சொல்லிவிடுகிறேன். நீ முறத்தைப் பற்றியும் மூட்டையைப் பற்றியும் முதலிலேயே எழுதியிருந்தாய். அதை எல்லாம் நான் வேகமாகத் தாண்டிவிட்டேன். உன் கடிதம் வந்தால் வீட்டைப் பற்றி என்ன எழுதியிருக்கிறாய் என்றுதான் தேடுவேன். உனக்காக அறையை ஒதுக்கி வைத்திருக்கிறேன், என்னோடு வந்து இரு என்று எழுதுவாய். உன் வீட்டுக்கு வா என்று ஒரு தடவையும் எழுதியதில்லை, அக்கா. நான் பிறந்த அறையில் எனக்கே இடம் ஒதுக்குகிறாள், விருந்தாளி மாதிரி எத்தனை நாள் இருப்பது என்று எனக்கு வெட்கமாக இருக்கும். அதனால்தான் பார்க்கலாம், பார்க்கலாம் என்றேன். அது சொத்தைக் காரணம்தான். ஆனால் உள்ளே இருந்தது இதுதான்.

பிய்த்தது நீ, முதலில் எடுப்பது நான், அந்தச் சட்டம் இன்னும் இருக்கிறது அல்லவா? எடுத்துவிட்டேன். பின்னறையில் ஜன்னல் ஓரத்துக் கட்டில் என்னுடையது. சுவர் ஓரம் நீ. முழங்காலுக்கு அதுதான் நல்லது. மீதி இருப்பது எல்லாம் அப்படியே கிடக்கட்டும். பையனிடமும் சொல்லிவிட்டேன். சரி என்றான். உடனே சொல்லவில்லை, ஆனால் சொன்னான்.

பெட்டி மறுபடி கீழே இறங்கிவிட்டது. "இனிமே நான் ஏத்த மாட்டேன் அத்தை" என்கிறாள் மருமகள். ஞாயிற்றுக்கிழமை பையனே கொண்டுவந்து விடுகிறான். காது மிஷினையும் டப்பாவிலிருந்து எழுப்பிவிட்டேன். உன் எழுத்தை நம்புவதற்கு என் காதே மேல்.

வீங்கியது ஏன் என்று சொல்கிறேன் என்றேனே. உன் கடலையைத்தான் மென்றேன். சந்தோஷத்தில் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் வலது பக்கம் போட்டு மென்றுவிட்டேன். ஒன்று கசந்தது. சொத்தை. சொத்தைப் பல்லும் சொத்தைக் கடலையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதும் உயிர் போய்விட்டது. மீதியைக் கொட்டிப் பார்த்தால் இன்னும் ஒரு பிடி இருந்தது. உன் மொத்த வியாபாரி சொன்னது சரிதான் அக்கா, உன் கண் சரியில்லை.

அதனால் சொத்தைப் பிரிக்க வேண்டாம். சொத்தையைப் பிரிக்க நான் வருகிறேன். இன்னொரு முறம் வாங்கி வை.

சுண்டு